உட்கார்ந்த இடத்துக்கு வரி

கோவில்பட்டி
12 ஜூன் 2024

மதினி,

போனில் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். உங்களைப் பார்த்து உங்கள் தம்பியும் அதையே செய்திருக்கிறார். கட்டின பெண்டாட்டி புருஷனோடு பேச அவருடைய அக்கா அனுமதி தரவேண்டிய நிலை. அதனால் உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு எழுதுகிறேன். ஆபீஸ் முகவரியும் எனக்கு மனப்பாடம்தான்.

நறுமுகைக்கு நேற்றும் இழுப்பு வந்தது. ஆவி பிடித்து, மருந்து கொடுத்து, இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறாள். அவள் எழுந்திருப்பதற்குள் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஜூலை ஐந்தாம் தேதி உங்கள் தம்பி வருகிறாராம். என்னிடம் சொல்லவில்லை, என் அப்பாவுக்குத் தகவல் அனுப்பியிருக்கிறார். பிள்ளையை அஜ்மானுக்கு அழைத்துப் போவாராம். நீங்கள் மாடியில்தானே இருக்கிறீர்கள், வளர்த்துக்கொள்வீர்களாம். டிக்கெட் பிள்ளைக்கு மட்டும். என் பேச்சே அதில் இல்லை. பொய் சொல்லி அக்காவின் வேலைக்கே உலை வைத்தவள் கையில் பிள்ளை வளர வேண்டாம் என்றாராம்.

யார் சொன்ன பொய், மதினி?

உங்கள் தம்பியிடம் நீங்கள் உள்ளதைச் சொல்லவேண்டும். ஒரு மாத லீவுதான் தந்தேன், அவள்தான் திரும்பி வராமல் ஆபீஸை ஏமாற்றினாள் என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள். பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை ஊரிலேயே இருந்து லேப்டாப்பில் வேலை பார் என்று சொன்னது நீங்கள். அஜ்மான் வீட்டுத் திரைச்சீலையைக் கழற்றி என் பெட்டியில் மடித்து வைத்து, மீட்டிங் வரும்போது பின்னால் கட்டிக்கொள் என்று சொன்னதும் நீங்கள். இதை முழுசாக, அவர் கிளம்புவதற்குள் சொல்லுங்கள்.

இல்லையென்றால் நான் வரி கட்டப்போகிறேன்.

சிரிக்காதீர்கள். அக்டோபர் நடுவிலிருந்து ஜனவரி கடைசிவரை நம் துபாய்க் கம்பெனி வேலையைக் கோவில்பட்டியில் உட்கார்ந்து பார்த்தேன் என்று இங்கே கணக்குக் கொடுத்து, அந்தச் சம்பளத்துக்கு வரி கட்டுவேன். கட்டிவிட்டு, அந்த நாட்களுக்குச் சான்று கேட்டு அக்கவுண்ட்ஸ் கோபாலசாமி சாருக்கு எழுதுவேன். என்னைத் தவிர ஒருவரும் ஊரில் இருந்து வேலை பார்க்கவில்லை என்று எச்.ஆர். மேனேஜராக நீங்கள் முதலாளி அர்பாபிடம் அடித்துச் சொல்லியிருக்கிறீர்கள் அல்லவா? அந்தப் பேச்சு எத்தனை நாள் நிற்கிறது என்று பார்ப்போம்.

செண்பகவல்லி


அஜ்மான்
15 ஜூன் 2024

செண்பகத்துக்கு,

பெருநாள் லீவு. அதனால்தான் பதில் எழுத நேரம் கிடைத்தது. இல்லாவிட்டால் இந்த மாதிரி மிரட்டல் மெயிலை அப்படியே டெலிட் செய்திருப்பேன்.

எம்.காம். படித்த பெண் என்றுதான் உன்னைப் பார்க்க வந்தோம். வருஷத்தில் ஆறு மாதம் ஊரில் தங்காதவன் என்.ஆர்.ஐ., அவனுக்கு வரி இல்லை என்பது ஜெபல் அலி துறைமுகத்தில் கன்டெய்னர் ஏற்றுகிறவனுக்குக்கூடத் தெரியும். மார்ச் முடிகிறவரை எண்ணிப் பார், நீ ஆறு மாதம் தாண்டவில்லை. துபாய் நேரத்துக்கு உட்கார்ந்து, துபாய் கம்பெனிக்கு வேலை பார்த்து, துபாய் பேங்கில் சம்பளம் வாங்கியவளுக்குக் கோவில்பட்டியில் என்ன வரி? கேட்காமலேயே போய்க் கட்டினால் கவுண்டரில் இருக்கிறவன் உன்னைப் பார்த்துச் சிரிப்பான்.

இன்னொன்று. உனக்கு விசா எடுத்துக் கொடுத்தது நான். குறைப்பிரசவத்தில் நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உன் அம்மா பாஸ்போர்ட் இல்லாமல் ஊரில் உட்கார்ந்திருந்தாள். பாட்டில் கொதிக்க வைத்ததும், உன் இடுப்புக்குத் தைலம் தேய்த்ததும் யார்? நீ ஊருக்குப் போனபிறகு என் தம்பி முத்து தினமும் பட்டாணியர் ஹோட்டலில் குபூஸ் ரொட்டியும் பருப்பும் தின்று வயிற்றுப் புண் வாங்கினான். அவனுக்கு ஒரு போன் செய்து சாப்பிட்டீர்களா என்று கேட்க உனக்கு நேரம் இல்லை. பிள்ளை, பிள்ளை என்று ஒரே பாட்டு. அவன் ஒரு மனுஷன் என்பதே உனக்கு மறந்துபோயிற்று.

என்ன சொல்லவேண்டுமோ அதைத்தான் அவனிடம் சொல்லியிருக்கிறேன். பிள்ளை இங்கே வரட்டும். இங்கே நல்ல டாக்டர் இருக்கிறார். நீ அமைதியாக இருந்தால் பிறகு உன்னைப் பற்றியும் யோசிக்கலாம். கலாஸ், பேச்சு முடிந்தது.

பானு


கோவில்பட்டி
19 ஜூன் 2024

மதினி,

கவுண்டரில் யாரும் சிரிக்கவில்லை. எட்டையபுரம் ரோட்டில் ஒரு ஆடிட்டர் இருக்கிறார். அவரிடம் நீங்கள் சொன்ன அதே கதையை நானும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார்.

"வேல பாக்கும்போது உங்க நாற்காலி எந்த ஊர்லம்மா கெடந்துச்சு?"

ஆறு மாதக் கணக்கு உங்களையும் என்னையும் வெளிநாட்டுக்காரர் என்று வைத்திருக்கும், அவ்வளவுதான். ஊரில் உட்கார்ந்து பார்த்த வேலைக்கான சம்பளம் ஊரில் சம்பாதித்ததாகத்தான் கணக்கு. கொடுத்த கம்பெனி எங்கே இருந்தால் என்ன, எந்த பேங்கில் விழுந்தால் என்ன, லேப்டாப் மூலையில் துபாய் மணி ஓடினால் என்ன. ஒரு நாள் உட்கார்ந்தாலும் அந்த ஒரு நாள் சம்பளம் இங்கே கணக்கில் வரும். இத்தனை வருஷமாக எச்.ஆரில் இருந்துகொண்டு ஆறு மாதம், ஆறு மாதம் என்று எல்லோருக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். நாங்களும் நம்பித் திரைச்சீலை கட்டினோம்.

தைலம் தேய்த்தீர்கள். மறுக்கவில்லை. அதை நினைத்துத்தான் இத்தனை மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். ஆனால் ஜனவரி மீட்டிங்கை நீங்கள் மறந்ததுபோல எழுதியிருக்கிறீர்கள்.

அன்றைக்கு அர்பாப் திரையில் இருந்தார். கோபாலசாமி சார், கௌஸ் முகைதீன் பாய், இன்னும் நாலைந்து பேர். நான் மாதாந்திர ரிப்போர்ட் படித்துக்கொண்டிருந்தேன். மடியில் பிள்ளை. பக்கத்துத் தெருக் கோயிலில் திடீரென்று ஸ்பீக்கரைத் திறந்துவிட்டார்கள். நாதஸ்வரம். அஜ்மானில் எந்தக் கோயிலில் நாதஸ்வரம்? அர்பாப் படிப்பதை நிறுத்தச் சொன்னார். இது என்ன சத்தம், எங்கே இருக்கிறாய் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டு, எல்லார் முன்னாலும் தமிழிலேயே கேட்டீர்கள்.

"செண்பகம், நீ அஜ்மான்ல இல்லயா? எங்கிட்டயும் அஜ்மான்னுதானே சொன்ன?"

பிறகு அதையே இங்கிலீஷில் அர்பாபுக்கு மொழிபெயர்த்தீர்கள். சாயங்காலத்துக்குள் என் லாகினை நிறுத்தியாயிற்று. மறுவாரம் விசா போயிற்று.

இதில் எனக்கு எரிவது எது தெரியுமா? அன்றைக்கு நீங்களும் அஜ்மானில் இல்லை. தம்பியிடம் லீவு என்று சொல்லிவிட்டு, மகன் டியூஷனுக்காக மதுரையில் உங்கள் மாமனார் வீட்டு மாடியில் உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் தொங்கியதும் துபாய் சத்வா கடைத்தெருவில் நாம் இருவரும் ஒன்றாகப் போய் வெட்டி வாங்கிய அதே துணிதான். பச்சையில் வெள்ளை இலை. ஒரே துணியின் முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம். ஒருத்தியைத் தூக்கிப் போட்டு இன்னொருத்தி தப்பினாள்.

என் வரி சிறிய தொகை. என் மாதாந்திரப் பால்பவுடர் செலவைவிடக் கொஞ்சம் கூட. உங்கள் சம்பளத்துக்கும், நீங்கள் இரண்டு வருஷமாக மதுரையில் இருந்த மாதங்களுக்கும் எவ்வளவு வரும் என்று எனக்குத் தெரியாது. அர்பாபுக்கு அந்தத் தொகை முக்கியமாகவும் இருக்காது. தன்னிடம் பொய் சொன்னது யார் என்பதுதான் அவருக்கு முக்கியம்.

நாள் இருக்கிறது. உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள்.

செண்பகவல்லி


அஜ்மான்
24 ஜூன் 2024

செண்பகம்,

நாலு நாளாகத் தூக்கம் இல்லை. இங்கே எனக்குத் தெரிந்த ஒரு மலையாளி ஆடிட்டரிடம், யாரோ ஒருவருக்காகக் கேட்பதுபோலக் கேட்டேன். நீ சொன்னது சரிதானாம். அவன் என்னையே உற்றுப் பார்த்தான். யாருக்காகக் கேட்கிறேன் என்று அவனுக்குப் புரிந்திருக்கும்.

நீ சொன்னபடி எழுதிப் போட்டால் அது என்னோடு நிற்காது. கௌஸ் பாயை நினைத்துப் பார். அவர் மனைவிக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். மாதம் விட்டு மாதம் காயல்பட்டினத்தில் இருந்து வேலை பார்க்கிறார். அவரை அப்படி அனுப்பியது நான். ரூல்ஸ் பேசியிருந்தால் அந்த அம்மா இன்றைக்கு இருந்திருக்க மாட்டாள். அவரைப்போல இன்னும் மூன்று பேர். கம்பெனி ரூலில் வாரத்தில் மூன்று நாள் வீடு, இரண்டு நாள் ஆபீஸ் என்று இருக்கிறது. அந்த வீடு இந்த நாட்டுக்குள் இருக்கவேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் கண்ணை மூடிக்கொண்டேன். எல்லோரும் என் வீட்டுக்குப் பலகாரம் கொண்டுவந்தார்கள், துஆ செய்தார்கள். நீயும்தான்.

ஜனவரியைப் பற்றிச் சொல்கிறேன். நாதஸ்வரம் கேட்டதும் அர்பாப் உன்னைக் கேட்டார், சரி. கேட்டுவிட்டு அவர் கண் திரையில் மற்ற கட்டங்களைப் பார்க்க ஆரம்பித்தது. ஒவ்வொருத்தர் முகமாக. நான் அதைப் பார்த்தேன். அடுத்து என் கட்டம். கீழே ஹாலில் என் மாமனார் டிவி வைத்திருந்தார், எந்த நிமிடம் சத்தம் வருமோ. அந்த ஒரு நொடியில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். உன்னைப் பழிவாங்கச் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னேன்.

அதற்குப் பிறகு முத்துவிடம் மாற்றிச் சொல்ல முடியவில்லை. அவன் என்னைக் கும்பிட்டு வளர்ந்தவன். அம்மா போனபிறகு அவனுக்குச் சோறு ஊட்டியவள் நான். அவன் முகத்தைப் பார்த்து, உன் பெண்டாட்டியை நான்தான் மாட்டிவிட்டேன் என்று எப்படிச் சொல்வேன்?

ஒரு ஏற்பாடு சொல்கிறேன். ஷார்ஜாவில் எனக்குத் தெரிந்த கிளியரிங் ஆபீசில் ஆள் வேண்டும். உனக்கு விசா எடுத்துத் தருகிறேன். பிள்ளையோடு நீயும் வா. முத்துவிடம் ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டோம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறேன். பழசைக் கிளற வேண்டாம். கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

பானு


கோவில்பட்டி
27 ஜூன் 2024

மதினி,

தப்பாகப் புரிந்துகொண்டோம் என்றால் யார், எதை?

உங்கள் தம்பி ஒன்றும் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. நீங்கள் சொன்னதைச் சரியாகத்தான் புரிந்துகொண்டார். பிப்ரவரியில் ஒரு தடவை போனில் வந்தார். நான் சொல்லச் சொல்ல, "எங்கக்கா பொய் சொல்ல மாட்டா" என்று ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். நானும் அவரும் மூன்று வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோம். என் சொல்லுக்கு அந்த வீட்டில் இவ்வளவுதான் மதிப்பு என்று அன்றைக்குத் தெரிந்தது. பிள்ளை வேறு பக்கத்தில் இருமிக்கொண்டே இருந்தாள்.

ஷார்ஜா வேலை வேண்டாம். நீங்கள் எடுத்துக்கொடுத்த ஒரு விசா போதும்.

கௌஸ் பாய் பெயரை என் வழியில் குறுக்கே நிறுத்துகிறீர்கள். அவரைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம், நான் பட்டுக்கொள்கிறேன். உங்கள் மகன் பெயரை மட்டும் எழுதவில்லை பாருங்கள், நான் கவனித்தேன். நீங்கள் இந்தக் கடிதம் எழுதியது யாருக்காக என்று எனக்குத் தெரியும்.

பொதுவாகச் சொல்வதெல்லாம் செல்லாது. நான்தான் இருக்கச் சொன்னேன், நான்தான் திரைச்சீலை கொடுத்தேன், நானும் மதுரையில் அதைத்தான் செய்தேன், அவளை மாட்டிவிட்டது நான். இந்த நாலும் வரவேண்டும். போனில் அல்ல, நேரில், அவர் முகத்தைப் பார்த்து. அவர் ஐந்தாம் தேதி வரும்போது அவர் நடையைப் பார்த்தே நீங்கள் சொன்னீர்களா இல்லையா என்று கண்டுபிடித்துவிடுவேன். சொன்னீர்களென்றால் மற்றதை யோசிப்பேன்.

செண்பகவல்லி


அஜ்மான்
2 ஜூலை 2024

செண்பகம்,

சொல்லிவிட்டேன்.

நேற்று டூட்டி முடிந்து வந்ததும் அவனைச் சாப்பிடக் கூப்பிட்டேன். வத்தக்குழம்பு வைத்திருந்தேன், அவனுக்குப் பிடிக்கும். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று இருந்தேன். முதல் கவளம் எடுக்கும்போதே, பாப்பாவுக்குத் தொட்டில் வாங்கியாச்சு, உங்க ரூம்ல போடவா, ஹால்ல போடவா என்று கேட்டான். அதற்குமேல் என்னால் முடியவில்லை. நீ கேட்ட நாலையும் வரிசையாகச் சொன்னேன்.

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதத்தை அப்படியே பிசைந்துகொண்டே இருந்தான். ஒன்றுதான் கேட்டான்.

"அப்ப அவ அழுதது நெசமாக்கா?"

எழுந்து போய்க் கையைக் கழுவினான். படியிறங்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை. இன்று காலை போன் அடித்தேன், எடுக்கவில்லை. என்னையும் தடுத்து வைத்திருக்கிறானோ என்னவோ. நான் சொல்லிக்கொடுத்த பழக்கம்தானே.

நீ ஜெயித்துவிட்டாய். நான் ஊட்டி வளர்த்த பிள்ளை இனி என் வீட்டில் சோறு தின்னமாட்டான். உனக்கு வேண்டியது இதுதானே, கிடைத்துவிட்டது. உன் வார்த்தையை நீ காப்பாற்று. கோபாலசாமி சாருக்கு எழுதாதே. என் மகன் காலேஜ் சேரும்வரை எனக்கு இந்த வேலை வேண்டும். நானும் மெதுவாக ஒரு ஆடிட்டரைப் பார்த்து, யாருக்கும் தெரியாமல் என் கணக்கைச் சரிசெய்துகொள்கிறேன். ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் கேட்பதாக நினைத்துக்கொள்.

பானு


கோவில்பட்டி
9 ஜூலை 2024

மதினிக்கு,

உங்கள் தம்பி வெள்ளிக்கிழமை வந்தார். பிள்ளைக்கு டிக்கெட்டும் இல்லை, தொட்டில் பேச்சும் இல்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்தாராம். என் அப்பா முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டார். பிறகு நறுமுகையைத் தூக்கப் போனார். அவள் யாரோ என்று அலறிவிட்டாள். மூச்சு முட்டுகிற அளவுக்கு அழுதாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றார். எல்லாவற்றுக்கும் நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அந்த அழுகைக்கு மட்டும் நான் தயாராக இல்லை.

நீங்கள் சொன்னதை அவர் என்னிடம் மறுபடி சொன்னார். நாலும் இருந்தது. நன்றி.

இப்போது என் பக்கத்தைச் சொல்கிறேன். இனிமேல் மறைக்க ஒன்றுமில்லை.

உங்களுக்கு முதல் கடிதம் எழுதியபோது, வரி கட்டப்போகிறேன் என்று எழுதினேன். கட்டப்போகிறேன் இல்லை. அன்றைக்குக் காலையிலேயே கட்டிவிட்டேன். ஆடிட்டர் வீட்டிலிருந்து நேராக வந்து, பிள்ளையைத் தூங்கப் போட்டு, அதன் பிறகுதான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். நீங்கள் அன்றைக்கே தம்பியிடம் சொல்லியிருந்தாலும் அது கட்டின வரிதான். நீங்கள் சொல்வதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நீங்கள் தூங்காமல் கிடக்கவேண்டும், மலையாளி ஆடிட்டர் முன்னால் கூசவேண்டும், கையெடுத்துக் கும்பிடவேண்டும் என்று எனக்கு இருந்தது. அதற்காகத்தான் பேரம் பேசினேன். நீங்கள் என்னை ஒரு நொடியில் தள்ளிவிட்டீர்கள். எனக்கு ஒரு நொடி போதவில்லை.

கௌஸ் பாய்க்கு அந்த வாரமே போன் செய்தேன். முதலில் பயந்தார். "நான் என்னம்மா தப்பு செஞ்சேன், ஹெச்.ஆரே போகச் சொன்னாங்களே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஆடிட்டரோடு பேச வைத்தேன். அவரும் கட்டிவிட்டார். மற்ற மூன்று பேருக்கும் சொன்னேன், அவர்களும் கட்டினார்கள். நேற்றுக் காலை நாங்கள் ஐந்து பேரும் தனித்தனியாகக் கோபாலசாமி சாருக்கு எழுதினோம். எந்தெந்த மாதம் எங்கே உட்கார்ந்து வேலை பார்த்தோம், யார் அனுமதித்தார்கள், இங்கே வரி கட்டியாயிற்று, கம்பெனி என்ன செய்யவேண்டும் என்று சொல்லுங்கள், அவ்வளவுதான். நகல் அர்பாபுக்கு. கௌஸ் பாய் தன் மனைவியின் நிலையையும் எழுதியிருக்கிறார். தானாக வந்து சொன்னவனை அர்பாப் கைவிடமாட்டார் என்று கோபாலசாமி சார் மத்தியானமே அவருக்குப் போன் செய்திருக்கிறார். யாராவது விட்டுப்போயிருக்கிறார்களா என்றும் கேட்டாராம்.

நீங்கள் மெதுவாகச் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்திருப்பீர்கள். இப்போது அவசரமாகச் செய்யுங்கள்.

எல்லா மின்னஞ்சலும் போய்ச் சேர்ந்த பிறகு, நேற்று ராத்திரிதான் உங்கள் தம்பியிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒவ்வொருத்தர் பெயராகச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே வந்தார். கடைசியில், அக்காவிடமும் முன்னாலேயே சொல்லிவிட்டாய் அல்லவா, அவளும் கட்டிவிட்டாள் அல்லவா என்று கேட்டார்.

"மறந்துட்டேங்க" என்றேன்.

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, பிள்ளையோடு அல்லாடுகிறவளுக்கு எத்தனைதான் நினைவிருக்கும் என்று சொல்லி என் தலையைத் தடவிக் கொடுத்தார். நம்பிவிட்டார்.

செண்பகவல்லி